அந்தச் சக்கரத்தை ஓர் இரவு ஓட விட்டுப் பாருங்கள்

மாவட்ட அறிவியல் கண்காட்சியின் நடுவர் பெருமக்களுக்கு,

வணக்கம். போன வாரம் நீங்கள் முதல் பரிசு கொடுத்த ‘எரிபொருளில்லா புவியீர்ப்பு மின் நிலையம்’ பற்றித்தான் இந்த மடல். குண்டுகளின் எடையாலேயே நிற்காமல் சுற்றி மின்சாரம் தரும் என்று காட்டிய சக்கரம் அது: பன்னிரண்டு மடக்குக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இரும்புக் குண்டு, அச்சை மறைத்து ஒரு தெர்மக்கோல் மூடி.

தீர்ப்பை மாற்றக் கேட்கவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆரக்கால்களில் பாதியளவு பாதரசம் ஊற்றினால் சக்கரம் தானே சுற்றும் என்று 12-ஆம் நூற்றாண்டில் கணித மேதை பாஸ்கராச்சாரியாரே எழுதியிருக்கிறார். செய்து பார்ப்பது பிள்ளைகள் வேலை, சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. இனி இப்படி ஒரு சக்கரம் வந்தால், மூடியைக் கழற்றி, கை வைக்காமல் ஓர் இரவு ஓட விட்டுப் பாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது அந்தச் சக்கரம் நின்றிருந்தது. எண்ணிப் பார்த்தேன். வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த குண்டுகள் ஐந்து, இடப்பக்கம் மடங்கிக் கிடந்தவை ஏழு. தள்ளி இருப்பவை குறைவு, கிட்டே இருப்பவை அதிகம். இரண்டு பக்கத் திருப்புத்திறனும், அதாவது எடையும் அச்சிலிருந்து தூரமும் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் வலுவும், சரிக்குச் சரி, அதனால் நின்றுவிட்டது. நீங்கள் வந்ததும் வழிகாட்டி ஆசிரியர் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, “பேரிங் புதுசு சார், கொஞ்சம் இறுக்கம்” என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அடுத்த மேசையில் என் மாணவி, ஒன்பதாம் வகுப்பு. பழைய சைக்கிள் சக்கரத்தில் கயிறு சுற்றி, ஒரே கல்லை ஒரே உயரத்திலிருந்து விட்டு, கிரீஸ் இல்லாமல் எத்தனை சுற்று, கிரீஸ் போட்டால் எத்தனை, காற்றைத் தடுக்க அட்டை கட்டினால் எத்தனை என்று நாற்பது முறை எண்ணி நோட்டில் எழுதியிருந்தாள். இரண்டு பஸ் மாறி, சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அந்த நோட்டை உங்களில் ஒருவரும் பிரிக்கவில்லை. “இது நின்னுடுதேம்மா” என்று ஒருவர் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஐயா, எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று காட்டத்தானே அவள் வந்தாள்? திரும்பும்போது கேட்டாள்: “நானும் மூடி போட்டிருக்கணுமா சார்?”

பத்து கிலோ எடை ஒரு மீட்டர் இறங்கினால் 98 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அதைத் திரும்ப ஏற்ற அதே 98 வேண்டும், உராய்வு தின்பது தனிக் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். அந்தப் பத்து கிலோ 36 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கினால்தான் ஒரு யூனிட்! ‘ஒரு வீட்டுக்குப் போதும்’ என்று பலகையில் எழுதியிருந்தார்களே, யார் வீட்டுக்கு?

மேட்டூரில் தண்ணீர் விழுந்து மின்சாரம் வரவில்லையா என்று உங்களில் ஒருவர் கேட்டார். வருகிறது. அந்தத் தண்ணீரைக் கடலிலிருந்து தூக்கி மலையில் கொட்டியது வெயில். காடம்பாறை நீர்மின் நிலையத்தில் கீழே வந்த தண்ணீரை நாமே இறைத்து மேலே ஏற்றுகிறோம். ஏற்றச் செலவான மின்சாரம் இறங்கும்போது முழுசாகத் திரும்புவதில்லை.

பாரிஸ் அறிவியல் கழகம் இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775-இலேயே சொல்லிவிட்டது. இயற்கை விதிக்கு வெளிப்படையாக முரணானதற்கு நம் 1970 காப்புரிமைச் சட்டமும் உரிமம் தராது. ஆனால் 1996-இல் மூலிகை பெட்ரோலை வாய் பிளந்து பார்த்த நாடல்லவா இது? அடுத்த ஆண்டு ரசவாதத்துக்கும் ஓர் அரங்கு போட்டுவிட்டால் தங்க விலையும் குறையும். மன்னிக்கவும், கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது.

மூடியைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1717-இல் ஜெர்மனியில் காசெல் அருகே ஓர்ஃபிரேயுஸ் என்பவரின் சக்கரத்தை அறைக்குள் பூட்டி முத்திரை வைத்தார்கள். வாரக்கணக்கில் சுற்றியதாகப் பதிவு இருக்கிறது. சோதிக்க வந்த அறிஞர்களுக்கு உள்ளே என்ன என்று மட்டும் அவர் காட்டவில்லை. கடைசியில் சக்கரத்தை அவரே உடைத்துப் போட்டார். எனவே பூட்டு மட்டும் போதாது.

மூடியைக் கழற்றுங்கள், ஓர் இரவு ஓட விடுங்கள் என்று தாழ்மையுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். இரவு காவலுக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். பாய், கொசுவத்தி எல்லாம் நானே கொண்டுவந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்