சனிக்கிழமைக்கு ஒரு கோப்பையும் கரண்டியும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வருகிற மாதத்தின் முதல் சனிக்கிழமை இடைவேளையில் நம் தமிழ்ப் பள்ளியில் ரோல்ஸ், கட்லட் விற்பனை இருக்காது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சோளக் (மக்காச்சோளக்) கஞ்சி கொடுக்கப் போகிறோம். பிள்ளையிடம் ஒரு கோப்பையும் ஒரு தேக்கரண்டியும் கொடுத்துவிடுங்கள்; உடையக்கூடிய கோப்பை வேண்டாம். அன்றைய தீனிக்காசை ஓர் உறையில் போட்டு அனுப்பினால், அது 'மேரிஸ் மீல்ஸ்' என்ற ஸ்கொட்லாந்து அறநிறுவனத்துக்குப் போய்ச் சேரும்.

ஏன் கஞ்சி என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டில் 1994இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை அரசு நீக்கிவிட்டது. ஏறத்தாழ 19 இலட்சமாக இருந்த மாணவர் தொகை சட்டென்று 30 இலட்சத்தை நெருங்கியது. வகுப்புகள் மரத்தடிக்கு வந்தன. கட்டணம் போனது, பசி போகவில்லை. அங்கே சோள அறுவடை ஏப்ரல் வாக்கில்தான். அதற்கு முந்தைய மாதங்களில் பல வீடுகளில் சேமித்த தானியம் தீர்ந்துவிடும். 2002இல் பஞ்சமே வந்தது. அந்த ஆண்டு அங்கே போன மேக்னஸ் மெக்ஃபார்லன்-பாரோ என்ற ஸ்கொட்லாந்துக்காரர், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாயின் பக்கத்தில் அவளுடைய மூத்த மகனைக் கண்டார். உனக்கு என்ன ஆசை என்று கேட்டதற்கு, வயிறார உண்ண வேண்டும், ஒருநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றான் அந்த 14 வயதுப் பையன். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்பதுதான் அவர் தொடங்கிய மேரிஸ் மீல்ஸ் திட்டம். 200 பிள்ளைகளோடு தொடங்கியது, இன்று பல நாடுகளில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறது. மேக்னஸ் முன்பு மீன் வளர்த்தவர். அப்பா வீட்டுக் கொட்டகைதான் அவருக்கு அலுவலகமாக இருந்தது.

மலாவியில் கொடுக்கும் கஞ்சிக்கு 'லிக்குனி பாலா' என்று பெயர். சோளமா, சோயாமா, கொஞ்சம் சீனி, உயிர்ச்சத்துகள். ஊர்த் தாய்மார் முறை வைத்து, இருள் பிரியுமுன் எழுந்து வந்து, பெரிய பானைகளில் காய்ச்சுகிறார்கள், கூலி வாங்குவதில்லை. அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளி ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 20 பவுண்டில் கட்டுப்படியாகிறது.

இலங்கையில் கிளினிக்குகளில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அதே சோளம், அதே சோயா. கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுத்த பையைப் பிரித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து, தங்கைக்கு ஓர் உருண்டைகூட வைக்காமல் அண்ணனும் நானும் தின்று முடித்த பாவம் இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டுப் பெற்றோருக்குச் சத்துணவுக் கூடம் நினைவுக்கு வரும்.

ஒரு தாயார் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "ஐயா, இது மதம் மாற்றுகிற வேலை இல்லையே?" கேட்க வேண்டிய கேள்வி. நம்முடைய சரித்திரத்திலேயே அது இருக்கிறது. 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளிக்குக் கடல் தாண்டித்தான் காசு வந்தது. அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணப் பிள்ளைகள் சிலருக்கு, காசு அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே சூட்டினார்கள். சோறும் எழுத்தும் வேதாகமமும் சேர்ந்தே வந்தன. பெண்களுக்கு எழுத்தறிவு கொடுத்த நன்றியை நான் மறக்கவில்லை. மிஷன் பள்ளிகளுக்கு மாற்றாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் திறக்க வேண்டியிருந்ததையும் மறக்கவில்லை. மேரிஸ் மீல்ஸ் கத்தோலிக்க நம்பிக்கையில் பிறந்தது. இயேசுவின் தாயார் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் வரிசையில் நிற்கிற பிள்ளையின் மதம் பார்த்துக் கஞ்சி ஊற்றுவதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று, பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். அதனால்தான் சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் படிக்கிற நம் பள்ளியில் இதைத் துணிந்து நடத்துகிறேன்.

பெயர் என்றதும் இன்னொன்று. சென்ற ஆண்டு நிதி சேர்த்தபோது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பட்டியலின் அடியில் பெயர் இருந்த ஒரு பிள்ளை இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. அது என் பிழை. இம்முறை உறையில் பெயர் எழுத வேண்டாம். வெற்று உறையானாலும் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் ஒரே பெட்டிக்குள்தான் விழும். உறை வராவிட்டாலும் கஞ்சி உண்டு.

சோயா ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குத் தனிப் பானையில் வெறும் சோளமாக் கஞ்சி காய்ச்சுவோம்.

நேற்று வீட்டில் ஒத்திகை பார்த்தேன். மாவைக் கொதிநீரில் நேரே கொட்டியதில் கட்டி கட்டியாகிவிட்டது. குளிர்ந்த நீரில் முதலில் கரைக்க வேண்டுமாம், மனைவி சொன்னார், நான் கொட்டிய பிறகு. ஆகவே சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமையலறைக்கு வர நான்கு பேர் வேண்டும். அப்பாமாரும் வரலாம், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிண்டக் கைவலு வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்