நான்கு வருடமும் கூட இருந்தவர்களுக்கு

என் படிப்புக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் பி.இ. சிவில் முடிக்கிறேன். நாங்கள் இருளர். அப்பா, அம்மா இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்குடியினருக்கான 1 சதவீத ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் சட்டமாக வந்த 7.5 சதவீதமும் எனக்குச் சேர வேண்டியவை. சீட்டும் கட்டணமும் அந்த வழியில் வந்தன. அதற்காக யாருக்கும் நன்றி சொல்லப் போவதில்லை. எந்தச் சட்டமும் செய்யச் சொல்லாததைச் செய்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

பிளஸ் டூ கணக்கு சார், உங்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பழங்குடியினர் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். விசாரிக்க வந்தவர் என்னைப் பார்த்து, "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்றார். எங்கள் ஆட்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் பாம்பு பிடிக்கும் திறமைக்காகவே 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள், பெருமைதான். எனக்குப் பாம்பு என்றாலே நடுக்கம். "இவளுக்குக் கணக்கு நல்லா வரும் சார், அதைக் கேளுங்க" என்று நீங்கள்தான் குறுக்கே பேசினீர்கள். அப்புறம் அப்பாவைப் பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கவுன்சலிங்குக்கு முன்னால் சான்றிதழைக் கையில் கொடுத்தீர்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் திட்டினீர்கள்.

முதல் செமஸ்டரில் என்னை ஓட வைக்கப் பார்த்தது இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்கிற வரைபடப் பாடம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவளுக்கு 'செக்‌ஷன் ஆஃப் சாலிட்ஸ்' என்று போர்டில் எழுதினால் என்ன புரியும்? ஹாஸ்டல் எதிர் அறை அக்கா ஒரு துணி சோப்பை நிமிர்த்தி வைத்து, பிளேடால் சாய்வாக அறுத்தார். "மேலேயிருந்து பாரு, பழைய அளவுதான் தெரியுது. இப்ப வெட்டுக்கு நேரா பாரு, நீளமா தெரியுதா? அதுதான் ட்ரூ ஷேப், அதைத்தான் வரையச் சொல்றாங்க." அன்றைக்கு அந்த அறையில் மூன்று சோப்பு காலி. அக்கா, உங்கள் துணி அந்த வாரம் எப்படி வெளுத்தது என்று இன்றுவரை தெரியாது. படம் வரைய வேண்டிய கருவியான மினி டிராஃப்டரும் நீங்கள் கொடுத்ததுதான்.

ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்சுக்கு வந்து அதையே தமிழில் சொன்ன மெக்கானிக்ஸ் மேடம், ராத்திரியில் லேப்டாப்பைத் தந்துவிட்டுத் தூங்கிய ரூம்மேட், கான்கிரீட் கட்டியை மெஷினில் அழுத்தி உடைத்துப் பலம் பார்க்கும் லேபில் "கியூப் உடைஞ்சா உடையட்டும், அதுக்குத்தானே மெஷின்" என்று பயத்தைப் போக்கிய உதவியாளர் அண்ணன், உங்கள் எல்லோருக்கும் நன்றி. அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் வந்த மாதம் 1,000 ரூபாயை ஜெராக்ஸ் கடையிலேயே கொட்டாமல் இருந்ததற்குக் காரணம், பழைய நோட்ஸைக் கட்டிக் கொடுத்த சீனியர்கள்.

பரீட்சை முடிந்ததும் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர வேண்டும். அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். கணக்கு சார் சைவம், அவருக்குத் தனியாகச் சாம்பார் உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும், முன்கூட்டியே ஒரு போன் போட்டால் தம்பியை அனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவில் நான்காமாண்டு மாணவி