டிக்கெட் ஒன்றா, இரண்டா?

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். மழை பெய்து கிணறு பாதிக்கு ஏறியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ பேசினால் பாதி குறையும். நீ பேசி இன்றோடு பத்தொன்பது நாள்.

கடைசியாகப் பேசியபோது, "அப்பா, இங்கே துணை ஜனாதிபதியின் மனைவி இந்து, தெரியுமா?" என்று கேட்டாய். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கேட்டது தம்பி, நன்றாகவே கேட்டது.

தெரியும். அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸ் 2019இல் கத்தோலிக்கரானவர். அவர் மனைவி உஷாவின் பெற்றோர் ஆந்திராவிலிருந்து போனவர்கள். 2014இல் கல்யாணத்தின்போது வான்ஸும் உஷாவும் இந்து முறைப்படியும் ஆசீர்வாதம் பெற்றார்கள். 2025 அக்டோபரில் மிசிசிப்பியில் ஒரு கூட்டத்தில் வான்ஸ் பேசியதை இரண்டு முறை படித்தேன். சபையில் தன்னைத் தொட்டது ஒருநாள் மனைவியையும் தொட வேண்டும் என்பது தன் விருப்பம் என்றார். தொடாவிட்டால் அது கடவுள் எல்லோருக்கும் கொடுத்த சுயசித்தம், தனக்கு அதில் பிரச்சினை இல்லை என்றும் சொன்னார். அந்த விருப்பத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது, நானும் விசுவாசி. ஆனால் அது கட்டிலருகே முழங்காலில் நின்று சொல்லவேண்டிய சொல். ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய மேடையில் சொன்னால், வீட்டிலிருக்கும் மனைவியின் நம்பிக்கையும் ஓட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

ராத்திரி வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டாதே. அம்மாவுக்குப் போன் செய்.

நீ இருக்கும் ஹூஸ்டனில்தான், ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கத்தோலிக்கரான கென்னடி அந்தப் பேச்சைப் பேசினார். 1960 செப்டம்பர் 12, ரைஸ் ஓட்டல், எதிரே புராட்டஸ்டண்ட் போதகர்கள். கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப்பாண்டவர்தான் ஆளுவார் என்ற பயம் அந்த நாட்டில் இருந்தது. 1928இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கத்தோலிக்கர் ஆல் ஸ்மித் தோற்றதில் அந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு. ஆர்கன்சாவிலிருந்து ராபின்சன் என்ற புராட்டஸ்டண்டைத் துணை ஜனாதிபதி இடத்துக்கு நிறுத்தியும் பயனில்லை. பொதுக் காரியங்களில் நான் என் சபைக்காகப் பேசுவதில்லை, சபையும் எனக்காகப் பேசுவதில்லை என்று கென்னடி போதகர்களிடம் சொன்னார். பாடத்தில் இல்லாவிட்டாலும் நான் இதை வருடந்தோறும் நடத்துவேன். நீயும் கடைசிப் பெஞ்சிலிருந்து கேட்டிருக்கிறாய். அவரும் கணக்குப் பார்த்தவர்தான். கட்சிக்குள் தன்னை எதிர்த்து நின்ற டெக்சாஸ் ஜான்சனையே துணைக்குச் சேர்த்தார். தெற்கத்தி ஓட்டுக்காகச் செய்தது என்று ஊருக்கே தெரியும். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஒரு ஞாயிறு போய்ப் பார். ஆலயம் முடிந்த பிறகு போ. ஆலயத்துக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.

நீ பாலங்களுக்கு வரைபடம் போடுவதைச் சபையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்தக் கை டிராயிங் மாமா பழக்கிய கை. மாமாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

1999இல் நடந்த டி.சி. தேர்தல், திருமண்டலத்தின் டயோசிசன் கவுன்சில் தேர்தல், உனக்கு நினைவிருக்கும். சுற்றுவட்டாரச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்துக்கு இரண்டு இடம். நானும் மாமாவும் சேர்ந்து நிற்பதாகப் பேச்சு. நோட்டீசுக்குத் தலைப்பெழுத்தை அவர்தான் வரைந்து கொடுத்தார். அச்சாகி வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. மாமா ஏன் இல்லை என்று நீ கேட்டாய், ஒன்பது வயது உனக்கு. மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன், ஆண்டவர் வேறு ஆளைக் காட்டினார் என்றேன். மாமாவிடமும் அதையே சொன்னேன்.

நான் உபவாசம் இருக்கவில்லை. ஜெபிக்கவும் இல்லை.

மாமி பொட்டு வைத்துக்கொண்டு ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவாள். மேலத்தெருப் பெரியவர்கள் இருவர் வீட்டுக்கு வந்து, புறமதத்தில் பெண் எடுத்தவன் உன்னோடு நின்றால் எங்கள் தெரு ஓட்டு உனக்கு இல்லை என்றார்கள். நாற்பது ஓட்டு இருக்கும். அதற்காக அவரை விட்டேன். விட்ட பழியை ஆண்டவர் தலையில் வைத்தேன். ஆண்டவர் சொன்னார் என்றால் மாமா எதிர்த்து என்ன பேசுவார்? அவர் வாயை அடைக்கத்தான் அந்தப் பெயரை எடுத்தேன். கர்த்தரின் நாமத்தை வீணாக எடுக்காதே என்ற மூன்றாம் கற்பனையைச் சிறுவயதில் உனக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான்தான்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் பேப்பரில் பார்த்தேன், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அல் கோர் லீபர்மனைத் துணைக்கு எடுத்திருந்தார். கோர் பாப்டிஸ்ட், பெரிய கட்சி ஒன்று யூதரை அந்த இடத்துக்கு நிறுத்தியது அதுவே முதல் முறை. வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி இருட்டும்வரை பிரசாரம் கிடையாது என்று இருந்தவர் லீபர்மன். மேடையில் கடவுளைப் பற்றி அவர் அதிகம் பேசுகிறார் என்று யூத அமைப்பு ஒன்றே கடிதம் எழுதியது, அதுவும் சரிதான். ஆனால் ஓய்வுநாளை ஓட்டுக்காக அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோரும் அவரை விடவில்லை. ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் தோற்றார்கள். நான் எங்கள் சேகரத்தில் ஜெயித்தேன். அந்தப் பேப்பரை மடித்துப் பீரோவில் வைத்தேன், இன்னும் இருக்கிறது.

உன் கல்லூரி முதல் வருடக் கட்டணத்தில் பாதி மாமா கொடுத்தது. மாமி வளையலை அடகு வைத்தாள். இது உனக்குத் தெரியாது. போன மார்ச்சில் மாமியை அடக்கம் செய்த அன்று மாமாவின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். நாளை காலை முதல் பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போகிறேன்.

நீ உஷாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகஸ்டில் நீ அனுப்பிய போட்டோவில் ஓரமாக நிற்கும் பிள்ளையை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். நீ பெயரைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று உனக்கு எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். ஜெபிக்கிறேன், ஆனால் அதை உனக்குப் பதிலாகத் தரமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. அது என் பயம், ஆண்டவருடையது என்று சொல்லமாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு விலை ஏறும் முன் டிக்கெட் எடுத்துவிடு. ஒன்றா, இரண்டா என்று அம்மாவிடம் சொல். மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும். போன் செய்.

அன்புடன்,
அப்பா