மகளுக்கு, புதுக் கார் வாங்கிய பிறகு

மாங்குளம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கார்ப் படத்தை அம்மா அயலெல்லாம் காட்டி முடித்துவிட்டாள். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் நேற்றிரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசி வரி வரை வாசித்தேன். கார் எங்காவது அடிபட்டால் காப்புறுதிக் காசை எப்படிக் கேட்பது என்று போனில் நீ கேட்டதற்கு இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

டொல்பின் வான் வைத்திருந்த காலத்தில், கனகராயன்குளத்துக்குக் கிட்ட மாட்டில் மோதியதை நான் உனக்கு முழுக்கச் சொன்னதில்லை. இரவில் ஏ9 றோட்டின் தார் சூடாக இருக்கும், மாடுகள் வந்து படுத்துவிடும். அன்று படுத்திருந்தது ஒரு எருமை. கிட்டப் போகும்வரை இருட்டோடு இருட்டாகத்தான் இருந்தது. காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தேன், அவர்களின் ஆள் வந்தார். டோர்ச் அடித்துப் பார்த்து பம்பர், ஒரு ஹெட்லைட், ரேடியேற்றர் என்று எழுதிக்கொண்டு, அந்த இடத்திலேயே ஒரு தொகை சொன்னார். நீட்டிய தாளில் ஒரு வரி தமிழ் இல்லை. களைப்பில் கையெழுத்து வைத்தேன். கராஜில் கழற்றிய பிறகுதான் வானின் அடிச்சட்டமான சசி வளைந்திருந்தது தெரிந்தது. திரும்பப் போனால், "முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாக ஒப்பமிட்டிருக்கிறீர்கள் ஐயா" என்றார்கள். அந்தப் போகம் நெல் விற்ற காசு அப்படியே கராஜுக்குப் போனது.

அதனால் சொல்கிறேன் பிள்ளை, சின்னக் கீறல் என்றால் கம்பனி ஆளிடம் அந்த இடத்திலேயே காசை வாங்கு. முன்பக்கம் அடிபட்டிருந்தால், "கராஜில் கழற்றி எஸ்டிமேற் எடுத்த பிறகு பேசுவோம்" என்று சொல். வாசிக்க விளங்காத தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, விடிய ஒரு மணி என்றாலும் பரவாயில்லை. யாருக்காவது காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பொலிஸ் முறைப்பாடு. இல்லாவிட்டால், காரை அரக்க முதல் றோட்டும் நம்பர் பிளேட்டும் தெரியப் படம் எடு. "என் பிழைதான், நான் கட்டுகிறேன்" என்று மற்ற ஆளிடம் வாய்விடாதே. கம்பனியைக் கேட்காமல் பொறுப்பேற்றால் கிளெயிமை மறுக்க அதுவே காரணமாகும்.

இன்னொன்று, காரின் பெறுமதி. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்று நீயே பார்த்தாய். நாற்பது இலட்சம் பெறுமதியான காரை முப்பதுக்குக் காப்புறுதி செய்தால், சேதத்துக்கும் அதே விகிதத்தில்தான் தருவார்கள், நான்கு இலட்சச் சேதத்துக்கு மூன்றுதான் கிடைக்கும். பிறீமியத்தில் மிச்சம் பிடிக்கப் போய் அங்கே இழக்காதே. மற்றவருக்கு வரும் இழப்புக்கு மட்டும் கட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதும் என்று யாரும் சொன்னால் கேட்காதே. சட்டத்துக்கு அது போதும், உன் கார் திருத்த ஒரு சதம் தராது. சிநேகிதர் கேட்டார்கள் என்று ஹயருக்கும் கொடுக்காதே. உன் பத்திரம் சொந்தப் பாவனைக்கு மட்டும்.

மறுத்தார்கள் என்றால் சண்டை பிடிக்காதே. காரணத்தை எழுத்தில் கேள், நீயும் எழுத்திலேயே முறையிடு. அதற்கும் சரிவராவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. அன்று எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

பொங்கலுக்கு வரும்போது வெளிச்சத்தோடு வவுனியாவைத் தாண்டிவிடு. பத்திரத்தின் ஒரு பிரதியைக் காணி உறுதியோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். மற்றதைக் காரிலேயே வை.

அன்புடன்,
அப்பா