பிள்ளையில்லாத திருமணம் செல்லாத திருமணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு ஆண்டுகளாகக் குழந்தைப்பேறு இல்லாத கத்தோலிக்கத் தம்பதியைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பின் ஆலோசனைப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, மறைமாவட்டத்தில் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதி) விண்ணப்பித்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்துகொள்ளலாம் என்ற பொருளில் பதில் தரப்பட்டிருந்தது. எங்கள் பங்குக் கோயிலில் திருமணத் தயாரிப்பு வகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், அந்தப் பதில் தவறானது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

முதலில், 'ரத்து' என்ற சொல்லே பொருந்தாது. செல்லுபடியாக நடந்து, தாம்பத்திய உறவாலும் நிறைவுற்ற இரு கிறிஸ்தவர்களின் திருமணத்தை எந்த ஆயரும், ஏன் திருத்தந்தையும்கூட, கலைக்க முடியாது என்பதே திருச்சபையின் போதனை. மறைமாவட்டத் தீர்ப்பாயம், அதாவது திருச்சபையின் சொந்த நீதிமன்றம், செய்வது வேறு. சம்மதம் தெரிவித்த அந்த நாளிலேயே திருமணம் உண்மையில் உருவானதா என்று ஆராய்ந்து, உருவாகவில்லை என்று உறுதிப்பட்டால் அதை அறிவிக்கிறது. ஆகவே எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குழந்தை உண்டா இல்லையா என்பது அங்கே கேள்வியே அல்ல; அந்த முதல் நாளில் இருவர் மனத்திலும் என்ன இருந்தது, யார் எதை மறைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1084-ஆம் விதி இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறது: மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுப்பதும் இல்லை, செல்லாததாக்குவதும் இல்லை. இது புதுமையான தாராளம் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைப்பேற்றைத் திருமணத்தின் முதன்மை நோக்கம் என்றே எழுதிவைத்த 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இதே விதி இருந்தது. கருத்தரிக்கும் வயதைக் கடந்த இருவர் மணம் முடிக்க வந்தால் கோயில் கதவு அடைக்கப்படுவதில்லை. குழந்தைகளை அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்காமல் விட்டுவிடலாம் என்று திருமணச் சடங்கு முறையே அனுமதிக்கிறது.

திருமணத்தைச் செல்லாததாக்குவது தாம்பத்திய உறவு கொள்ளவே இயலாத நிலை. அதுவும் திருமணத்துக்கு முன்பே இருந்ததாகவும், நிரந்தரமானதாகவும் இருக்க வேண்டும். அதில் ஐயம் இருந்தால் திருமணத்தைத் தடுக்கவோ செல்லாது என்று அறிவிக்கவோ கூடாது. இந்த வேறுபாடு எளிதில் தெளிந்துவிடவில்லை. விரைகள் இரண்டும் இல்லாத ஆண்கள் மணம் முடிக்க இயலாது என்று 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஸ்பெயினில் இருந்த தம் தூதருக்கு எழுதியதை வைத்து, விரையில் உருவான விந்து வெளிப்பட்டால்தான் அது முழுமையான உறவு என்று சட்ட வல்லுநர்கள் பலர் நெடுங்காலம் வாதிட்டார்கள். அந்தக் கணக்கின்படி குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஆணின் திருமணமே ஐயத்துக்குரியதாகிவிடும். அத்தகைய விந்து தேவையில்லை என்று போதனைகளைக் கவனிக்கும் வத்திக்கான் துறையான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1977 மே 13 அன்று ஆணையிட்ட பிறகே அந்தச் சர்ச்சை ஓய்ந்தது. உறவு கொள்ள இயல்வது ஒன்று, அதிலிருந்து கரு உண்டாவது வேறொன்று என்பதை உரோமையே தெளிவாக எழுதிவைக்க ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆயின என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

அப்படியானால் குழந்தை என்ற காரணம் தீர்ப்பாயத்தில் எழுவதே இல்லையா? இரண்டு வழிகளில் எழுகிறது. அவை இரண்டும் இயலாமையைப் பற்றியவை அல்ல, மனத்தைப் பற்றியவை. ஒன்று, பிள்ளை பெறவே மாட்டேன் என்று உள்ளத்தில் உறுதி செய்துகொண்டு, பீடத்தின் முன் வாயளவில் சம்மதம் சொல்வது. 1101-ஆம் விதியின்படி அந்தச் சம்மதம் செல்லாது. படிப்பு முடியட்டும், கடன் அடையட்டும், இரண்டு ஆண்டுகள் கழியட்டும் என்று தள்ளிப்போடுவது இதில் சேராது. பிள்ளைப்பேற்றுக்கான உரிமையையே துணைக்கு மறுப்பது வேறு, அதற்கான காலத்தை இருவரும் பேசி முடிவு செய்வது வேறு. மற்றொன்று, 1098-ஆம் விதி சொல்லும் வஞ்சகம். தன்னால் குழந்தை பெற இயலாது என்று மருத்துவர் சொல்லித் தெரிந்திருந்தும், சொன்னால் சம்பந்தம் கைநழுவிவிடும் என்றே அதை மறைத்து மணம் முடித்தால், ஏமாற்றப்பட்டவர் தந்த சம்மதம் செல்லாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் கொண்டுவந்த விதிமுறைகள், ஆயர் முன் நடக்கும் சுருக்கமான விசாரணைக்கு வழிவிடும் சூழ்நிலைகளில் ஒன்றாக மலட்டுத்தன்மையை வஞ்சகமாக மறைத்ததையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. தங்கள் பகுதியில் பதிலளித்தவர் இதை எங்கோ கேள்விப்பட்டு, 'மறைத்தது' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாரோ என்று எனக்கு ஓர் ஐயம். மணநாளில் தனக்கே தெரியாத குறையை ஒருவர் மறைத்திருக்க முடியாது.

குழந்தை இல்லாவிட்டால் திருமணத்தை முடித்துக்கொள்ளலாமா என்று எங்கள் வகுப்புக்கு வந்த இளையவர்கள் அரிதாகவே கேட்டார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் மாமியார்கள், கோயிலில் திருமண அறிவிப்பான ஓலை வாசித்து மூன்று ஆண்டுகள் ஆவதற்குள், "ஃபாதர்கிட்டச் சொல்லி இதுக்கு ஒரு முடிவு கட்ட முடியாதா சார்?" என்று வருவார்கள். உங்கள் மகன் பரிசோதனை செய்துகொண்டாரா என்று கேட்டால், பாதிப் பேரிடம் பதில் இருக்காது. வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வரும் மருமகளின் நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவள் தனியாகவே போய் வருவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பிள்ளையில்லாமல் அழுத அன்னாவிடம், பத்து மகன்களைவிட நான் உனக்கு மேலானவன் இல்லையா என்று கேட்ட எல்கானாவை விவிலியம் காட்டுகிறது. (அவனுக்கு இன்னொரு மனைவி மூலம் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதால் அவனுக்கு அது எளிதாக வந்த பேச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

குழந்தை யாருக்கும் தரப்பட வேண்டிய கடன் அல்ல, கொடை என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி கற்பிக்கிறது. சோதனைக்குழாய்க் கருத்தரிப்பைத் திருச்சபை ஏற்காததற்கு அது ஒரு காரணம். அது தனியாக விவாதிக்க வேண்டிய பொருள். இங்கே வேண்டியது ஒன்றுதான்: குழந்தைகள் இல்லாதபோதும் திருமணம் வாழ்வின் முழு ஒன்றிப்பாக நீடிக்கிறது, அதன் மதிப்பும் முறிவுபடாத தன்மையும் குறைவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியிருக்கிறது.

அந்தப் பதிலில் விடுபட்ட இன்னொன்றும் உண்டு. தீர்ப்பாயம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும், நாட்டின் சட்டப்படி அதனால் எந்த விளைவும் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. குடிமை நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெறாமல் மறுமணம் செய்பவர் இருதார மணக் குற்றத்துக்கு ஆளாகலாம். தங்கள் பதிலை நம்பி எந்தக் குடும்பமாவது விண்ணப்பம் எழுத உட்கார்வதற்கு முன், வரும் ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி.