கியர் முதலில் யாருக்கு வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வந்த மிதிவண்டிக் கட்டுரை, கியர் என்பது பந்தய வீரர்களுக்காகப் பிறந்து, பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது என்கிறது. நடந்தது நேர்மாறு.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் என் தந்தையின் சைக்கிள் கடையில் தொழில் பழகியவன் நான். அங்கே வந்த பழைய ராலே வண்டிகள் பலவற்றில் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே, மூன்று கியர் இருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் வழிவந்தவை அவை. அச்சின் வலது முனையிலிருந்து சிறு சங்கிலி ஒன்று எட்டிப் பார்க்கும். கம்பி அதை இழுத்தால் மேட்டுக்கான கியர், முழுக்கத் தளர்ந்தால் வேகக் கியர். கம்பி கொஞ்சம் பிசகினாலும் போதும், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே எதிலும் பிடிக்காமல் பெடல் வெறுமனே சுழலும். எழுந்து நின்று மிதிப்பவர் முட்டி தப்பினால் அது அவர் அதிர்ஷ்டம்! இரண்டாம் கியரில் வைத்து, நட்டில் உள்ள துளை வழியே பார்த்து, உள்கம்பியின் தோள் (கம்பி முடிந்து சங்கிலி தொடங்கும் இடம்) அச்சின் முனைக்கு நேராக வரும்படி திருகுவார் அப்பா. ஹப்பின் மேல் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்து வண்டியின் வயதையும் சொல்லிவிடுவார்.

பந்தயக்காரர்கள் கதை வேறு. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்குக் கியர் என்றாலே வேப்பங்காய். முன்னணி வீரர்கள் செயின் மாற்றும் கருவியைப் பயன்படுத்த 1937 வரை காத்திருந்தார்கள். அதுவரை பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவில் ஒவ்வொரு பல்சக்கரம். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் பூட்டி, மறுபடி ஏற வேண்டும். அதே பிரான்சில், செயிந்-எத்தியேனில், போல் த விவி என்ற பயணப் பிரியர் பல கியர்களோடு மலையேறலாம் என்று தம் பத்திரிகையில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

1948-இல் டூரை வென்ற இத்தாலிய வீரர் பர்த்தாலியின் வண்டியில் இருந்த கம்பன்யோலோ நிறுவனத்தின் கியர் மாற்றும் கருவியையும் பாருங்கள். ஓடும் வண்டியில் கையைப் பின்னால் விட்டு ஒரு நெம்புகோலால் சக்கரத்தைத் தளர்த்த வேண்டும், மற்றொன்றால் செயினை நகர்த்திக்கொண்டே பெடலைப் பின்னோக்கி மிதிக்க வேண்டும். அப்போது ராலே ஓட்டியவருக்கோ கைப்பிடியருகே விரலால் ஒரு தட்டு போதும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், வில்லியம் ரைலிக்கு இரண்டு வரியாவது ஒதுக்குங்கள். சால்ஃபர்டைச் சேர்ந்த அவர் 1896-இலேயே இரண்டு கியர் ஹப்புக்குக் காப்புரிமை பெற்றவர். ஸ்டர்மிக்கும் ஆர்ச்சருக்கும் கிடைத்த பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைக்கிள் கடைக்காரர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு