தேக்கு டிசைன் வேண்டாம், கேரம் போர்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடல் விமானங்களுக்கு மரம் போல வண்ணம் தீட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே சந்தோஷம். ஆனால், கூடவே வந்த படத்தில் இருக்கும் அல்பட்ராஸ் (முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானம்) மாடல், தேக்கு டிசைன் அடித்த பீரோ மாதிரி இருக்கிறது. 'மர ரேகை பளிச்சென்று தெரிய வேண்டும்' என்று கட்டுரையாளர் சொன்னதுதான் வினை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1917இல் வந்த அல்பட்ராஸ் டி.5 நிஜத்தில் 7.33 மீட்டர் நீளம். 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்காகச் செய்த மாடலில், 15 சென்டிமீட்டர் சொச்சம். அதன்மேல் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு இழுத்தால், நிஜ விமானத்தில் அது 24 மில்லிமீட்டர் பட்டை. ஏறக்குறைய ஒரு அங்குலம்! எந்த மரத்தில் அவ்வளவு தடியாக ரேகை ஓடுகிறது?

அந்த விமானத்தின் உடலைப் போர்த்தியிருந்தது பிர்ச் என்ற வெளிர் நிற மரத்தின் மெல்லிய ப்ளைவுட். அதைப் பார்க்க ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. நல்ல கேரம் போர்டின் மேற்பலகையும் பிர்ச் ப்ளைவுட்தான். எங்கள் வடசென்னையில் கேரம் கிளப்புக்கா பஞ்சம்? வியாசர்பாடியிலோ புது வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கிளப்புக்குப் போய், பவுடரைத் துடைத்த போர்டைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள் (ஆட்டம் நடக்கும்போது வேண்டாம், அடிக்க வருவார்கள்). வெளிர் மஞ்சள், அதில் அங்கங்கே மங்கலாக அலையோடும் ஒரு நிழல், அவ்வளவுதான். 1/48 மாடலை ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 48 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து அந்த நிழல்கூடக் கண்ணில் படாது.

அப்புறம் எதை வைத்து மரம் என்று நம்ப வைப்பது? பலகைக்குப் பலகை நிறம் மாறுவதை வைத்துத்தான். அக்ரிலிக்கில் வெளிர் மஞ்சள் அடித்துவிட்டு, டேப் ஒட்டி, பக்கத்துப் பலகைகளுக்கு லேசாக நிறத்தை மாற்ற வேண்டும். ஓவியர்கள் வாங்கும் ட்யூப் ஆயில் பெயின்டில் ரா சியன்னாவும் (மஞ்சள் கலந்த பழுப்பு) துளி பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) எடுத்து, முதலில் ஒரு அட்டையில் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். பிறகு துளியூண்டு தடவி, காய்ந்த தட்டை பிரஷால் ஒரே திசையில் இழுத்து, பெரும்பகுதியைத் துடைத்தே எடுத்துவிடலாம். ஆயில் பெயின்ட் காயச் சில நாள் பிடிக்கும். அவசரப்பட்டு வார்னிஷ் அடித்தால் எல்லாம் கலங்கிவிடும். வார்னிஷில் துளி ஆரஞ்சு கலந்தால் அந்தத் தேன் நிறம் வரும்.

ரேகை போட்டே தீர வேண்டும் என்று கை அரித்தால் ப்ரொபெல்லர் இருக்கிறது. வெவ்வேறு மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கியது என்பதால் வெளிர், கருமை என்று பட்டைகள் நன்றாகவே தெரியும். அந்தக் காலத்தில் பெர்லினில் ப்ரொபெல்லர் செய்த ஒரு கம்பெனியின் பெயர் 'கருடா'. நம்ம ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமானமான மஸ்கிட்டோவுக்கும் மர ரேகை போடலாம் என்று கட்டுரையில் சேர்த்திருக்கிறார்கள். அது மர விமானம்தான், ஆனால் மரத்தின் மேல் துணி ஒட்டிப் பெயின்ட் அடித்தது. வெளியே ரேகைக்கு வேலையே இல்லை.

ஒரு வேண்டுகோள்: இனி மாடல் படம் போட்டால், எந்த அளவு மாடல் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 1/32இல் சரியாகத் தெரிகிற கோட்டை 1/72இல் அப்படியே போட்டுக் கெடுப்பவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை